மூன்று வரியா, ஐந்து வரியா

பதினேழாம் எண் துப்பாக்கியின் குழலுக்குள் ஜானட் மறுபடியும் அந்தச் சின்ன விளக்கை இறக்கினாள். நூலில் கட்டிய, சுண்டைக்காய் அளவு விளக்கு. அது அடிவரை போய் நின்று எரிந்தது. குழலின் வாயில் கண்ணை வைத்து, உட்சுவரில் சுருண்டு இறங்கும் வெட்டுவரிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு மேல் இல்லை.

பக்கத்தில் திறந்து கிடந்த நோட்டில், போன திங்கட்கிழமை தேதியிட்டு, அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: எண் 17, வரிகள் ஐந்து.

எழுந்து ஷெட்டின் வாசல் வரை நடந்தாள். திரும்பி வந்தாள். உட்காரப் பிடிக்கவில்லை. வெளியே எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தகரக் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்கியது. கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். மூன்றுதான்.

ஜானட் அரசு தடயவியல் ஆய்வகத்தில், துப்பாக்கிப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை செய்பவள். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் ராயபுரம். இந்த வேலைக்காகத் திருவொற்றியூரைத் தாண்டியிருக்கும் தனியார் கன்டெய்னர் யார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பு என்று சொல்லி வந்த ஒரு கன்டெய்னரைச் சோதனைக்குத் திறந்தபோது, உடைந்த பம்புசெட்டுகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவில் நாற்பத்தொரு துப்பாக்கிகள் கிடந்தன. எல்லாம் நூற்றைம்பது வருடத்துப் பட்டாளத் துப்பாக்கிகள். தனக்கு ஒன்றும் தெரியாது, அனுப்பியவன் அள்ளிப் போட்டுவிட்டான் என்று இறக்குமதி செய்தவர் சொன்னார். இவை சுடுமா, சுடாதா, என்ன ரகம், எந்தக் காலத்தவை என்று சுங்கத்துறை கேட்டது. சுடும் என்றால் வழக்கு ஒரு மாதிரி, சுடாது என்றால் வேறு மாதிரி.

முதல் நாள் அவளுக்கு நன்றாகவே போனது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. துருவேறிய நீளக் குழல், எண்ணெய் வற்றிய மரக்கட்டை, பூட்டுத் தகட்டில் ஒரு கிரீடம். சுங்க அதிகாரி மோகனப்ரியா ஷெட்டுக்குள் ஒரு சுற்று வந்துவிட்டு, "பழைய இங்கிலீஷ் துப்பாக்கி நாற்பத்தொண்ணுன்னு எழுதிக் குடுத்துடலாமே மேடம், அவ்வளவுதானே?" என்று கேட்டாள்.

"அவ்வளவு இல்ல மேடம். இதுல குறைஞ்சது அஞ்சு ஜாதி இருக்கு."

ஷெட்டின் சாவி கோதண்டத்திடம் இருந்தது. ஐம்பத்தாறு வயது, எண்ணூர்க் குப்பத்துக்காரர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவர் மட்டும் யார்டில் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. ஷெட்டுக்குள் எது வந்தாலும் எண்ணிக்கையோடு நிற்கமாட்டார். தராசில் ஏற்றி எடையையும் தன் சொந்த நோட்டில் குறித்துக்கொள்வார். ஜானட் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் எழுதிய அட்டையைக் கட்டிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக எடை போட்டார்.

"இன்னா மேடம், எல்லாம் ஒரே மாறிதானே கீது? இதுல இன்னா அஞ்சு ஜாதி?"

"பூணை எண்ணிப் பாருங்கண்ணே. குழலையும் கட்டையையும் சேத்துப் புடிச்சிருக்கே, அந்த இரும்பு வளையம்."

கோதண்டம் எண்ணினார். "இதுல மூணு. அந்தாண்ட இருக்கறதுல ரெண்டு."

"மூணு பூண் இருந்தா நீட்டு ரகம், சாதாச் சிப்பாய்க்கு. ரெண்டு இருந்தா குட்டை ரகம், சார்ஜெண்டு மாதிரி ஆளுங்களுக்கு. நீட்டு ரகத்துக் குழலுக்குள்ள மூணு வரி ஓடும். குட்டையில அஞ்சு வரி."

அவள் விளக்கை இறக்கிக் காட்டினாள். கோதண்டம் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பின்பக்கம் கீல் வைத்த மூடி திறந்து தோட்டா போடுகிற ரகத்தையும் காட்டினாள். முன்வாயில் மருந்தை இடித்துச் சுட்ட அதே பழைய துப்பாக்கியை வெட்டி, பின்னால் மூடி பொருத்தியது அது. அந்த மூடிக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் முதலில் செய்தது. சின்னத் தாழ்ப்பாள் இருந்து, குழலில் எஃகு என்று ஆங்கிலத்தில் முத்திரையும் இருந்தால் பின்னால் வந்தது. கடைசியாக, வரியே இல்லாமல் வழவழவென்று இருந்த ஒரு குழலைக் காட்டினாள்.

"இதுல ஒண்ணியுமே இல்லியே. தேஞ்சி பூட்சா?"

"தேயல. அப்படியே செஞ்சதுதான். ஆயிரத்தெண்ணூத்தி ஐம்பத்தேழுல நம்ம சிப்பாய்ங்க வெள்ளைக்காரனை எதிர்த்துச் சண்டை போட்டாங்கல்ல, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்களுக்குன்னு வரியில்லாத குழலாப் போட்டு அனுப்புனாங்க. வெளியில பாத்தா அதே துப்பாக்கி. ஆனா தூரத்துல இருக்கறவன் மேல குண்டு நேராப் போவாது."

"சுட்டா குறி தப்பணும்னே செஞ்சி குடுத்துகீறான்!" கோதண்டம் சிரித்தார். "இன்னா கலீஜ் புத்தி பாரேன்." அதைத் தராசில் வைத்து எடையை எழுதிக்கொண்டார்.

அன்று மதியம் யார்டு கேன்டீனில் ஜெரி அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். இன்சூரன்ஸ் சர்வேயர். நனைந்த சரக்கு, உடைந்த சரக்கு என்று மதிப்பிட வாரத்தில் நான்கு நாள் இந்த யார்டுக்கு வருவான். ராயபுரத்தில் அவள் போகிற சர்ச்சுக்கே வருபவன். அவனுடைய அம்மாதான் ஜானட்டின் மகளுக்கு ஞானஸ்நானத் தாய்.

"ஜானட்க்கா, ஏதோ புதையலே கெடைச்சிருக்காமே?"

அவள் சிரித்தாள். வீட்டில் அம்புரோஸிடம் இதையெல்லாம் சொன்னால் இரண்டாவது நிமிடம் கொட்டாவி விடுவார். ஆய்வகத்திலும் கேட்க ஆள் கிடையாது. இவன் கேட்டான், அவளும் சொன்னாள். நாற்பத்தொன்றில் நான்கு தனி என்றாள். ஒன்பது, பதினேழு, இருபத்துமூன்று, முப்பது. நான்கும் குட்டை ரகம், ஐந்து வரி. லண்டனில் ஒரு கம்பெனி இயந்திரத்தில் செய்தவை. ஒன்றின் திருகைக் கழற்றி இன்னொன்றில் போட்டாலும் கச்சிதமாக உட்காரும். அந்தக் காலத்தில் அப்படிச் செய்தவர்கள் ரொம்பக் குறைவு.

"அப்போ நல்ல விலை போகும்?"

"சேகரிக்கிறவங்க தவம் கெடப்பாங்கடா. இங்க எவனுக்குத் தெரியும்? பழைய இரும்போட இரும்பா வந்து கெடக்கு."

மறுநாளே வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல அவளைச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வாய்தா மேல் வாய்தாவாக நான்கு நாள் இழுத்தது. அடுத்த திங்கட்கிழமை யார்டுக்குத் திரும்பி, அறிக்கைக்கு முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கலாம் என்று விளக்கை இறக்கியபோதுதான் பதினேழில் மூன்று வரிகள் தெரிந்தன.

ஒன்பதாம் எண்ணை எடுத்தாள். மூன்று. இருபத்துமூன்று. மூன்று. முப்பதும் அப்படியே.

முதல் நாள் உற்சாகத்தில் தப்பாக எண்ணிவிட்டோமா? ஒன்றில் தப்பலாம், நான்கிலுமா? பதினேழைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். இரண்டு பூண்கள் இருந்தன. அட்டை அவள் கட்டியதுதான், எண்ணும் அவள் எழுத்துதான். கட்டையை விரலால் தடவிக்கொண்டே போனபோது, முனைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மரம் லேசாக உள்வாங்கியிருந்தது. முகத்தை நெருக்கிப் பார்த்தாள். பூண் இருந்த தடம். அதை மரத்தூளும் பசையும் வைத்து நிரப்பி, மேலே சாயம் பூசியிருந்தார்கள். இது நீட்டு ரகம். ஒரு பூணைக் கழற்றி, குழலையும் கட்டையையும் அறுத்துக் குட்டையாக்கியது. ஹோட்டல் சுவரிலும் ரிசார்ட் வரவேற்பிலும் மாட்டி வைக்க இப்படி அறுத்து விற்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"கோதண்டண்ணே!"

அவர் வந்தார். அவள் முதலில், "அன்னிக்கி எடை போட்டீங்கல்ல, அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லாம எங்க பூடும்?" மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தார். பதினேழைத் தராசில் வைத்தார்கள். முதல் நாள் எழுதியதைவிட இருநூற்றைம்பது கிராம் குறைந்தது. ஒன்பதில் நூற்றெண்பது. முப்பதில் முந்நூறு கூடுதலாகக் காட்டியது. வேறு பத்துத் துப்பாக்கிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். பத்தும் சரியாக இருந்தன.

கோதண்டம் தராசுத் தட்டைத் துடைத்துப் பார்த்தார். "இன்னா மேடம் இது? என் தராசு பொய் சொல்லாது."

"சொல்லலண்ணே. துப்பாக்கிதான் மாறியிருக்கு."

அவள் ஆய்வகத்துக்குப் போன் செய்தாள். பிரிவின் தலைவர் அறிவு சார் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க நோட்ஸ் ட்ராஃப்ட்தானே, ஜானட்? பென்சில்ல எழுதுனதுதானே?" என்றார்.

"ஆமா சார்."

"அப்போ இன்னைக்கு என்ன இருக்கோ அதை எழுதுங்க. நாற்பத்தொண்ணு குடுத்தாங்க, நாற்பத்தொண்ணு இருக்கு. எதுவும் சுடாது. அவங்க கேட்டது அதுதான். வரி மூணா அஞ்சான்னு கோர்ட்டு கேக்கப் போறதில்ல."

"மாறிடுச்சே சார்."

"யோசிச்சு எழுதுங்க." அவர் வைத்துவிட்டார்.

ஜானட் ஷெட்டுக்குள் மூலைக்கு மூலை நடந்தாள். அவர் சொன்னபடி எழுதினால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. களவு போனதே யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நான்கு குழல்களையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். ஐந்து வரியும் தேயாமல், நேற்று வெட்டியது போல அதில் ஓடிய வெளிச்சம் இன்னும் கண்ணில் நின்றது. பார்த்ததைப் பார்க்காதது போல எழுதினால், இனி எந்தக் குழலுக்குள் விளக்கை இறக்கினாலும் தன் கண்ணைத் தானே நம்ப முடியாது என்று பட்டது. மேசையில் குனிந்து, நின்றுகொண்டே எழுதினாள். நான்கு துப்பாக்கிகள் மாற்றப்பட்டுள்ளன. முதல் நாள் குறிப்பும் எடைக் குறிப்பும் இணைப்பில். மோகனப்ரியாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ஜெரியோடு பேசியது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை என்று பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் போலீஸ் யார்டுக்கு வந்தது. சாவி யாரிடம் என்று கேட்டார்கள். கோதண்டத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை மீதித் துப்பாக்கிகளைப் படம் எடுத்துவிட்டு ஜானட் வெளியே வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். கையில் ஒரு சோற்றுத் தூக்கு. புடவையைத் தலையோடு போட்டிருந்தார். செக்யூரிட்டி அவளைச் சுட்டிக்காட்டியதும் நேராக வந்தார்.

"நீதானே அந்தத் துப்பாக்கி பாக்குற அம்மா? நான் கோதண்டம் வூட்டுக்காரி, நீலா."

"சொல்லுங்கக்கா."

"ரெண்டு நாளா ஸ்டேஷன்ல பெஞ்சியில குந்த வச்சிகினு கீறாங்கோ. காலீல போனா ராவு விடுறாங்கோ, மறுபடி காலீல வான்றாங்கோ. அட்ச்சாங்களான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றாரு. சோறு கொண்டு போனா உள்ள வுடல." அவர் தூக்கைத் தூக்கிக் காட்டினார். "இருபத்திரெண்டு வருசம் இந்த யார்டுல. ஒரு போல்டு எட்தாந்தது இல்ல வூட்டுக்கு. உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரியும்னா அவங்கோ கிட்ட சொல்லு. எந்தத் துப்பாக்கி ஒசத்தி, எது ஒசத்தி இல்லன்னு அவருக்கு இன்னா தெரியும்? நாப்பது கெடக்குது. பாத்து நாலு மட்டும் எடுக்க அவருக்கு யாரு சொல்லிக் குட்த்தா?"

நீலா கேட்டது போலீஸை நோக்கிக் கேட்ட கேள்வி. அது ஜானட்டைத்தான் வந்து தைத்தது. நான்கு எண்கள். அந்த நான்கையும் அவள் ஒரே ஒருவனிடம்தான், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, வரிசையாகச் சொன்னாள்.

"நான் பாக்கறேன்க்கா," என்றாள்.

நீலா போனதும் அவள் கேட் அறைக்குள் நுழைந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். போன வியாழக்கிழமை. ஜெரி, துப்பாக்கி இருக்கும் ஷெட்டில் இன்சூரன்ஸ் சர்வே, உள்ளே பதினொன்று பத்து, வெளியே பன்னிரண்டு ஐந்து. கையில் கொண்டுவந்த பொருள்: கேமரா ஸ்டாண்டு பை, நீளம், ஒன்று. அந்த நாளில் அந்த ஷெட்டில் இன்சூரன்ஸ் பார்க்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே ராயபுரம் வந்தாள். வீட்டில் அம்புரோஸ் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், அன்று காலை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமலேயே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டிவியை அணைத்தார்.

"நீ பாத்தியா அவன் எடுத்தத?"

"இல்ல."

"அப்புறம்?"

"அவன் கிட்ட மட்டும்தான் நம்பர் சொன்னேன், அம்புரோஸ்."

"கேன்டீன்ல நாலு பேரு காதுல வுழுந்திருக்கும்." அவர் எழுந்து தண்ணீர் குடித்தார். "ஜெரி அம்மா நம்ம பாப்பாவைக் கையில வாங்கி நின்னவங்க. ஞாயித்துக்கெழமை எந்த மூஞ்சிய வச்சிகினு கோயிலுக்குப் போவ? உன் பக்கமும் பாரு. ஆய்வு பண்ற பொருளப் பத்தி வெளியாளு கிட்ட பேசுனேன்னு நீயே எழுதிக் குடுத்தா உன்ன வுட்டு வைப்பாங்களா?"

"வுட மாட்டாங்க."

"தெரிஞ்சிகினுமா?"

அவள் சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வந்தாள். பால்கனிக்குப் போனாள். கீழே தெருவில் மீன் கூடையை இறக்கி வைத்து யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள். போனை எடுத்து ஜெரியின் எண்ணை அழுத்தினாள். நான்கு முறை அடித்ததும் எடுத்தான்.

"சொல்லுக்கா."

"வியாழக்கெழமை எதுக்குடா அந்த ஷெட்டுக்குப் போன?"

"சும்மா... போட்டோ எடுக்கலாம்னு. நீதானே அருமையா கீதுன்னு சொன்ன."

"கோதண்டண்ணன் கூட நின்னாரா?"

"நின்னாரு. நடுவுல ஃபோர்க்லிஃப்ட்காரன் கூப்டான்னு போனாரு, இருவது நிமிஷம்..." அவன் நிறுத்திக்கொண்டான். பிறகு குரல் மாறியது. "யக்கா, இத்தப் பெருசு பண்ணாத. யாருக்கும் நஷ்டம் இல்ல. அது அப்படியே உருக்க உலைக்குப் போற இரும்பு. நீ எழுதலன்னா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது."

"அந்த மனுசன் ரெண்டு நாளா ஸ்டேஷன்ல உக்காந்திருக்காருடா."

"வுட்டுடுவாங்கக்கா. அவரு மேல ஒண்ணியும் இல்ல."

அவள் போனை வைத்தாள். அம்புரோஸ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை காலை, அவள் கேட்காமலேயே, வண்டியை எடுத்து அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டார்.

உள்ளே கோதண்டம் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்துப் பாதி எழுந்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் அவளிடம் காகிதத்தை நீட்டினார். எழுதினாள். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன நபரிடம், எந்தெந்த எண் துப்பாக்கிகள் மதிப்புள்ளவை என்பதை நான் வாய்மொழியாகச் சொன்னேன். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் அடையாளங்களையும் சொன்னேன். ஷெட் பொறுப்பாளருக்கு இந்த நான்கின் மதிப்பு தெரிய வழியில்லை.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இது உங்களுக்கே திரும்புமே மேடம்," என்றார்.

"தெரியும் சார்."

"மொத ரிப்போர்ட்டுலயே ஏன் எழுதல?"

அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். எல்லாப் பதிலும் சாக்காகத்தான் வந்தது. "எழுதியிருக்கணும் சார்," என்றாள்.

அன்று மாலைக்குள் ஜெரியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முதலில் மறுத்தான். கேட் பதிவேட்டில் அந்த நீளப் பை எழுதியிருந்ததைக் காட்டியதும் ஒப்புக்கொண்டான். பழம்பொருள் விற்கும் ஒருவனோடு அவனுக்குப் பழக்கம் இருந்தது. அறுத்த துப்பாக்கிகள் நான்கை அவனிடமிருந்தே வாங்கி, அந்த இருபது நிமிடத்தில் தன் வண்டியிலிருந்து பைக்குள் வைத்து இரண்டு நடையாகக் கொண்டுவந்து மாற்றியிருக்கிறான். ஜானட் கட்டிய அட்டைகளைக் கழற்றி இவற்றில் அப்படியே கட்டியிருக்கிறான். பூணின் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வரியை எண்ண மறந்துவிட்டான், அல்லது யார் மறுபடி எண்ணப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். மூன்று துப்பாக்கிகள் ஒரு கிடங்கில் கிடைத்தன. முப்பதாம் எண் கைமாறிப் போயிருந்தது. அது கடைசிவரை கிடைக்கவில்லை.

மீட்டு வந்த மூன்றையும் அடையாளம் காட்ட ஜானட்டைத்தான் கூப்பிட்டார்கள். விளக்கை இறக்கினாள். ஐந்து வரி, ஐந்து வரி, ஐந்து வரி. மோகனப்ரியா பக்கத்தில் நின்று தானும் குனிந்து பார்த்து எண்ணினாள். "இவ்ளோ சின்ன வித்தியாசமா?" என்றாள். ஜானட்டுக்கு அதில் சந்தோஷம் எதுவும் வரவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, விளக்கையும் நூலையும் பையில் போட்டுக்கொண்டாள்.

பத்து நாளில் விளக்கம் கேட்டு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். பழைய வழக்குக் கட்டுகளை அலமாரியில் அடுக்குகிற இடம். எவ்வளவு நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. அறிவு சார் வராந்தாவில் எதிர்ப்பட்டபோது நின்றார். "நான் சொன்னதைக் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் போய்விட்டார். கோவிலில் ஜெரியின் அம்மா அவள் உட்கார்ந்த பக்கம் திரும்பவில்லை. ஜானட் அதற்கடுத்த வாரத்திலிருந்து காலைப் பூசையை விட்டு மாலைப் பூசைக்குப் போனாள். மகள் ஏன் என்று கேட்டதற்கு, காலையில் தூக்கம் போதவில்லை என்றாள்.

யார்டு கோதண்டத்தைத் திரும்பக் கூப்பிட்டது. அவர் போகவில்லை என்று செக்யூரிட்டி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் அவள் எண்ணூருக்குப் போய், விசாரித்துக்கொண்டு அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் பறந்து, வாசலில் காயப்போட்ட துணிகளில் படிந்திருந்தது. கோதண்டம் நைலான் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவுக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். நீலா அவளை உள்ளே வரச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேண்ணே."

கோதண்டம் ரேடியோவின் மூடியை அழுத்தி மூடினார். "எழுதிக் குட்த்த. தெரியும். இன்ஸ்பெக்டரு சொன்னாரு. ஜானட்டுனு ஒரு பொம்பள நெஞ்சத் தொட்டு எழுதிக் குட்துச்சி, இல்லாங்காட்டி நீ உள்ள போயிருப்பன்னாரு."

"மொதல்லயே எழுதியிருந்தா நீங்க போயிருக்கவே வேணாம்."

"அத்தத்தான் நானும் நென்ச்சேன்." அவர் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தது, ஆனால் கத்தவில்லை. "அன்னிக்கி நோட்டு கேட்டியே, நான்தானே எட்தாந்து குட்த்தேன். திருடுனவன் எடை நோட்ட எட்தாந்து கைல குடுப்பானா? அந்த ஒரு பாயிண்ட அன்னிக்கே அவங்கோ கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல நீ? படிச்ச பொம்பள. நீ சொன்னா கேட்டிருப்பாங்கோ. நான் சொன்னா எவன் கேக்கறான்? மூணு நாளு. அந்தப் பெஞ்சிக்கு எதுருல தெரு. என் பேரன் ஸ்கூலுக்குப் போற வழி அது. தெனம் பாத்துகினு போனான்."

ஜானட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு," என்றார் அவர், குரலைத் தணித்து. "நானும் ஒண்ண மறச்சேன். ஃபோர்க்லிஃப்ட்காரன் கூப்டான்னு தொறந்த ஷெட்ட வுட்டுட்டுப் போனேன். வேல பூடும்னு சொல்லல. சொல்லியிருந்தா அன்னிக்கே அவன் மாட்டியிருப்பான். அதனால உன்ன மட்டும் கொற சொல்ல எனுக்கு வாயில்ல. ஆனா மன்சு ஆறல. ஆற சொல்லோ ஆறட்டும்."

"யார்டுக்குத் திரும்பப் போகலியாண்ணே?"

"போவல. மச்சான் ஐஸ் வேன் ஓட்றான், அவன் கூட போறேன். அங்க யாரும் சாவி குடுக்க மாட்டான் எனுக்கு." லேசாகச் சிரித்தது போலிருந்தது. "நீ தண்ணி குடிச்சிட்டுப் போ."

நீலா சொம்பு நீட்டினார். குடித்தாள். இன்னும் ஏதாவது சொல்லலாமா என்று நின்று பார்த்தாள். கோதண்டம் ரேடியோவை ஆன் செய்து அலைவரிசையைத் திருப்பத் தொடங்கியிருந்தார். அவள் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் ஆள் அதிகமில்லை. ஐந்து நிமிடம் நின்றாள். வழக்கு விசாரணைக்கு வரும்போது ஜெரியின் வக்கீல் தன்னைக் கூண்டில் ஏற்றி என்னென்ன கேட்பார் என்று மனம் அடுக்கிக்கொண்டே போனது. ஏன் சொன்னீர்கள், எவ்வளவு சொன்னீர்கள், முதல் அறிக்கையில் ஏன் மறைத்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் இருந்தபடியே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் பட்டது. அது ஆறுதலாகவும் இல்லை, பயமாகவும் இல்லை. நிற்க முடியவில்லை. டிரெய்லர்கள் கிளப்பிய புழுதிக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, திருவொற்றியூர் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியபோது பேருந்து அவளைக் கடந்து போனது. கை காட்டாமல் நடந்துகொண்டே இருந்தாள்.